பசை போகாமல் பளபளப்பு நிற்காது

நடுவர் அவர்களே! வீட்டைப் புதுப்பிக்கப் பெரிதும் வேண்டியது புதிய வண்ணமா, பழையதை நீக்கும் பொறுமையா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணி நண்பர் வண்ணத்தைப் பற்றி அழகாகப் பேசினார். எதன்மேல் பூசுவது என்று மட்டும் சொல்லவே இல்லை! (கைதட்டல்)

நம்ம ஊர்ச் சுவர் செங்கல்லும் சிமெண்டும். சுரண்டினால் தாங்கும். அதனால் கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே பெரும்பாலான வீடுகளில் உட்சுவர் ‘டிரைவால்’. நடுவில் ஜிப்சம், இரண்டு பக்கமும் காகிதம். கனம் பெரும்பாலும் அரை அங்குலம். அதன்மேல் பூப்போட்ட சுவர்க்காகிதம் ஒட்டுவார்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பூ பிடிக்கவில்லை. உரித்தால் காகிதம் வந்துவிடும், பசை வராது!

பசைதான் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று அதன்மேல் பெயிண்ட் அடித்தால்? பெயிண்டில் இருக்கிற ஈரம் தூங்குகிற பசையை எழுப்பிவிடும். அது மறுபடி காய்ந்து சுருங்கும்போது பெயிண்டையும் சேர்த்து இழுக்கும். வெடிப்பு விழும், செதில் செதிலாக உரியும். கொடுத்த காசு தரையில் கிடக்கும்!

சரி, சுரண்டலாமா? சுவரின் முகமே காகிதம் ஐயா, கிழிந்துவிடும்! தண்ணீரை வாரி அடிக்கலாமா? காகிதம் உப்பும், ஜிப்சம் இளகும். அப்புறம் என்னதான் செய்வது?

அடிப்பிடித்த சோற்றுப்பானையை நம்ம அம்மா எப்படித் தேய்த்தார்கள்? முதலில் ஊறப்போட்டார்கள். நம்ம ஊர் சினிமா போஸ்டருக்கு மைதாப் பசை மாதிரி, அங்கேயும் பல பசைகள் மாவுப்பசைதான். வெந்நீருக்கு மசியும்.

முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்ட வெந்நீரால் சின்னப் பகுதியாக நனைத்து, 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். அகலமான பிளாஸ்டிக் தகட்டைப் படுக்கவைத்து மெல்லத் தள்ளினால் பசை கூழாக வரும். பஞ்சால் துடைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும். முடிந்ததா என்று ஈரக்கையால் தடவிப் பாருங்கள், வழுக்கினால் முடியவில்லை! ஒரு சொட்டு அயோடின் கலந்த தண்ணீர் வைத்தால், மாவுப்பசை மிச்சமிருக்கும் இடம் கருநீலமாகிக் காட்டிக்கொடுக்கும்.

எங்காவது கிழிந்துவிட்டால் பிசிறை வெட்டி, காயவிட்டு, தண்ணீர் கலக்காத பிரைமர் பூசிய பிறகே பட்டி பார்க்க வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடானால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அந்தத் தூசி குழந்தையின் மூச்சுக்குள் போகும். அவசரத்துக்கு அதுவா விலை?

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். குடும்பத்திலும் பாருங்கள், பழைய மனத்தாங்கல் அப்படியே இருக்க, மேலே புதுச் சிரிப்புப் பூசுகிறோம். அடுத்த விசேஷத்திலேயே உரிந்துவிடுகிறது! (சிரிப்பு)

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றார் எதிரணி நண்பர். அந்தச் சுவரைக் காப்பாற்றிக் கொடுப்பது எங்கள் பொறுமைதான் என்று கூறி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன்.