தாதிக்கும் மனம் உண்டு
(தோட்ட நலன்புரிக் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



இன்று சேமலாப நிதி பற்றிப் பேச வரவில்லை. நோய்க்காலத்தில் நம்மைப் பார்த்த தாதிமாரின் மனதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

2020 மார்ச் 18ஆம் திகதி புத்தளம் மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். இத்தாலியில் இருந்து திரும்பியவர்கள் அந்தக் கரையோர ஊர்களில் அதிகம். கொவிட் பரவும் என்ற பயம். இரண்டே நாளில் நாடு முழுவதும் ஊரடங்கு. கடையைப் பூட்டினோம், பள்ளிக்கூடத்தைப் பூட்டினோம். ஆஸ்பத்திரியைப் பூட்ட முடியுமா?

நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று அப்போது அந்தக் கரையோரத்தில் தாதியாக இருந்தது. பாதுகாப்பு உடுப்பைப் போட்டால் கழற்றும் வரை ஒரு மிடறு தண்ணீர் கிடையாது. நோயாளியின் பக்கத்தில் சொந்தக்காரர் நிற்க முடியாது. கடைசியில் கையைப் பிடித்ததும் அந்தப் பிள்ளைதான். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கும்மா. கண்ண மூடினா வார்டுதான் தெரியுது" என்று போனில் அழுததாம்.

லீவில் வந்தபோது நாம் என்ன செய்தோம்? பீலிக்கரையில் அதன் அம்மா குடத்தை வைத்ததும் எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். நலன்புரி வேலை பார்க்கிற நாங்களும் எட்டிப் பார்க்கவில்லை. தள்ளி நிற்பது சுகாதார விதி, சரி. முகத்தைத் திருப்பச் சொன்னது எந்த விதி? லீவு முடியுமுன்பே அந்தப் பிள்ளை திரும்பிப் போய்விட்டது. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

மன உறுதி என்றால் அழாமல் இருப்பது அல்ல. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே கொழுந்து கேட்போமா? தளிர்க்க நாள் விடுகிறோம். மனிதருக்கும் அப்படித்தான்.

வேலை முடிந்து வருகிற பிள்ளையைத் தூங்க விடுங்கள். மனதில் உள்ளதைச் சொல்ல வந்தால், "தைரியமா இரு" என்று வாயை அடைக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள். பல நாள் தூக்கம் இல்லை, சாப்பாடு வேண்டாம், வாழ்க்கையே வெறுத்துப் போச்சு என்றால், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அது பைத்தியம் அல்ல; காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது மாதிரித்தான்.

நம் பிள்ளைகள் இன்னும் பலர் தாதியராகப் படிக்கிறார்கள். இன்னொரு நோய்க்காலம் வந்தால், அவர்களின் தாய்மார் குடத்தோடு பீலிக்கு வரும்போது, தள்ளி நின்றாலும் "பிள்ள எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.