உப்பும் வெல்லமும் ஊரின் மனமும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா ஆண்டில் உடல்நலம் பற்றிச் சில கருத்துக்களைச் சொல்லுமாறு பணித்திருக்கிறார்கள். விலையுயர்ந்த கருவிகளைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. அடுப்படியில் இருக்கும் உப்பு, வெல்லம், தண்ணீர் இம்மூன்றையும் பற்றியே பேசப் போகிறோம். நல்ல மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அது மக்களின் வீட்டுக்குள் நுழைவது எவ்வளவு அரியது என்பதை இம்மூன்றும் நமக்குக் கற்பிக்கின்றன.

வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் தண்ணீரில் கலந்து கொடுத்தால், சர்க்கரை உப்பைக் குடற்சுவர் வழியே உள்ளே சேர்க்கிறது. அதன் பின்னே நீரும் செல்லுகிறது. 1968-இல் டாக்கா நகரின் காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இரு அமெரிக்க இளம் மருத்துவர்கள் இதனை நோயாளிகளிடத்தில் மெய்ப்பித்தார்கள்.

1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தனர். முகாம்களில் காலரா பரவிற்று. பொங்காவ் என்னும் எல்லை ஊரில் பணிபுரிந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்ன செய்வார்? நரம்பில் ஏற்றும் திரவம் போதவில்லை. ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. ஆகவே கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வைத்து, நோயாளியின் தாயிடமும் தமையனிடமும் கொடுத்துக் குடிக்கச் செய்யுமாறு சொன்னார். 100 பேருக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நோயில், அவருடைய முகாமில் இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கிற்று. 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்மவிபூஷண் விருது அளிக்கப்பட்டது.

இத்தகைய மருந்தை ஊரார் உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்பது பல நாடுகளில் ஊறிப்போன எண்ணம். ஊசியில்தான் மருந்து உண்டு என்ற எண்ணமோ அதைவிட வலிமையானது.

வங்காளதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பிற்று. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இதுதான் பாடம். எழுத்தறியாத தாயும் தன் கையையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஊழியர் கலந்து காட்டியதைவிட, தாயே தன் கையால் கலந்தபோது பாடம் நன்றாகப் பதிந்தது. ஊழியரின் சம்பளமோ, பிறகு சென்று விசாரிக்கையில் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தது.

ஆயினும் ஒரு குறை தெரிந்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். ஆனால் பிள்ளைக்குப் பேதியானபோது பலர் கரைசலைக் கொடுக்கவில்லை. ஏன்? நிறுவனத்தார் மக்களைக் குறை கூறாமல் காரணத்தைத் தேடினார்கள். பால்குடிப் பிள்ளையின் பேதி, செரியாமை, சீதபேதி, கடுமையான பேதி என்று ஊரார் நான்கு வகையாகப் பிரித்திருந்தனர். ஊழியர் சொன்ன "டைரியா" என்ற சொல்லைக் கடைசி வகைக்கு மட்டுமே உரியதாகக் கொண்டனர். மேலும், வீட்டு ஆண்களிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. அத்துடன், ஊழியர்களிலேயே பலர் தமக்குப் பேதி கண்டபோது வேறு மருந்தையே நாடினர்! நம்பாதவர் சொன்னால் யார் நம்புவார்? எனவே ஊழியர்களுக்கு மறுபடியும் பயிற்சி அளித்தார்கள். ஊர் வழக்குச் சொற்களைப் பயன்படுத்தினார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பத்தாண்டுகளில் 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்கு மேல் சென்றார்கள். பேதி கண்ட குழந்தைகளுக்குக் கரைசல் கொடுப்பதில் இன்று உலகிலேயே முன்னணியில் நிற்கும் நாடுகளில் வங்காளதேசமும் ஒன்று.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் 100-க்கு 61 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் செய்வோரிடம் நடத்திய ஆய்வொன்று 2024-இல் வெளிவந்தது. கரைசலை எழுதிக் கொடுக்காததற்கு முதன்மையான காரணம் என்ன தெரியுமா? "வருகிறவர்கள் இதை விரும்பமாட்டார்கள்" என்று அவர்கள் எண்ணியதே! வாய்விட்டுக் கேட்டவர்களில் மேலும் பலருக்கு அது கிடைத்தது. மருத்துவர் நம்மைப் பார்க்கிறார். நாம் மருத்துவரைப் பார்க்கிறோம். இடையில் பிள்ளை வாடுகிறது. உலகில் ஆண்டுதோறும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பேதியால் இறக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, பொன்விழாவின் நினைவாக நம் அன்பியங்களில் இதைச் செய்வோம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அந்த அளவிலேயே, முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரை பற்றிச் செவிலியரைக் கேளுங்கள். பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். போகும் வழியிலும் குடிக்கக்கூடிய பிள்ளைக்குச் சிறிது சிறிதாகக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.

இதைத் தாய்மார்களுக்கு மட்டும் சொல்லவில்லை. தந்தையரே, தாத்தாக்களே, உங்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறோம். வங்காளதேசத்தின் அனுபவம் காட்டுவது இதுதான்: வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்து, எல்லாரும் நம்பினால்தான் மருந்து பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேரும்.