மஞ்சளும் காயமும்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அரிவாள் பட்டு முழங்காலில் காயம் உண்டாயிற்று. பாட்டியார் மஞ்சளை அம்மியில் அரைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார். புண் ஆறிற்று. அதே ஆண்டில் அடுத்த வீட்டுப் பையன் துருப்பிடித்த ஆணியை மிதித்தான். அவனுக்கும் மஞ்சள்தான். பத்தாம் நாள் அவன் தாடை இறுகிற்று. இரணஜன்னி. அவன் பிழைக்கவில்லை. என்னை ஆற்றிய மருந்து அவனை ஏன் கைவிட்டது என்ற கேள்வியோடுதான் நான் இரசாயனம் படிக்கப் போனேன்.

மஞ்சளின் நிறப்பொருளை 1815-ஆம் ஆண்டில் வோகல், பெல்லெட்டியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். குர்குமின் என்பது அதன் பெயர். காயம் பட்டவுடன் வெள்ளணுக்கள் அவ்விடத்துக்கு விரைந்து, கிருமிகளைக் கொல்லும் பொருட்டு வீரியமிக்க பிராணவாயுச் சேர்மங்களை வெளியிடுகின்றன. பகைவனுக்கு வைத்த தீ சொந்தக் கூரையையும் பற்றுவதுபோல், அவை அளவு மீறினால் புதிதாய் வளரும் தோலையும் சிதைக்கும். குர்குமினிலுள்ள பீனால் தொகுதிகள் ஹைட்ரஜன் அணுவை ஈந்து அவற்றின் வேகத்தைத் தணிக்க வல்லவை. குர்குமின் நீரில் கரைவது அரிது. எண்ணெயில் அதைவிட நன்கு கரையும். பாட்டியார் இரசாயனம் பயின்றவரல்லர். ஆயினும் எண்ணெயில்தான் குழைத்தார்!

1995-இல், மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்தது. பாட்டிமாரின் சாட்சி அங்கே செல்லாது. எழுத்தில் சான்று வேண்டும். பழைய வடமொழி நூல்களோடு, 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையையும் எடுத்துக் காட்டினர். 1997-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. அச்செய்தியைப் படித்த அன்று நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் உரிமை வழக்கில் வென்றது மருந்துச் சோதனையில் வென்றதாகாது. சோதனைக் குழாயில் குர்குமின் பல வேளைகளில் பொய்யான வெற்றியைக் காட்டிவிடுகிறது என்று 2017-இல் இரசாயன அறிஞர் சிலர் எச்சரித்தனர். உடலினுள் அது விரைவில் சிதைந்தும் போகிறது.

இரணஜன்னிக் கிருமியோ பிராணவாயு எட்டாத இடத்தில் வளர்வது. ஆணி துளைத்த ஆழ்ந்த புண் அதற்கு உகந்த இருப்பிடம். மேலே பூசிய மஞ்சள் அங்கே சென்று சேராது. அப்பையனுக்கு வேண்டியிருந்தது தடுப்பூசி. அதைப் போடும் மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து பத்து மைல் தொலைவில் இருந்தது.