நான் விற்ற தொலைபேசி

மலையக இலக்கியத்தில் கங்காணி உண்டு, கணக்கப்பிள்ளை உண்டு, துரையும் உண்டு. பொருள் விற்கத் தோட்டத்துக்கு வருகிறவனைப் பற்றிய பேச்சு குறைவு. அவனைப் பற்றி இன்று சொல்ல வந்திருக்கிறேன். அவன் நான்தான்.

விற்பனையாளன் எங்கள் மலைக்குப் புதியவனல்லன். சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். ரயில் நானுஓயாவை எட்டியது 1885இல். அதன் பின் ரயிலேறி வந்த புதுமைகள் பல. என் காலத்தில் வந்தது கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி.

2006இல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விற்பனைக் குழுவில் சேர்ந்தேன். ஆளுக்கு மாதம் 30 இணைப்புகள் இலக்கு. சம்பளம் சிறிது, மீதி கமிஷன். திங்கள் காலைக் கூட்டத்தில் பெயருக்கு நேரே எண்ணைப் பலகையில் எழுதுவார்கள். கொழுந்து நிறுக்கும்போது என் அம்மா கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தது போல, நானும் மேலாளரின் முகத்தைப் பார்த்து நின்றேன். நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர். எனக்கும் ஏறக்குறைய அதே கதைதான்.

ஒரு மாத முடிவில் ஓர் இணைப்பு குறைந்தது. நானுஓயாவுக்குக் கீழே, பள்ளத்தில் இருந்த ஒரு லயத்துக்குப் போனேன். அங்கே ஓர் அம்மா. மகள் குவைத்தில் வீட்டு வேலை.

“தம்பி, இங்க வச்சே மகளோட பேசலாமா?” என்று கேட்டார்.

கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவே மலை நின்றது. மலை மறைத்தால் அலை சரியாக எட்டாது. அது எனக்குத் தெரியும்.

“பேசலாம் அம்மா” என்றேன்.

முந்தானை முடிச்சிலிருந்து முற்பணத்தை எண்ணித் தந்தார். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. முகவரிக் கட்டத்தில் எழுத லயத்துக்கு இலக்கமில்லை. தோட்டத்தின் பெயரையே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பலகையில் என் எண் நிறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் ஒரு மாலை, பனிமூட்டத்தில் அவரை மீண்டும் கண்டேன். லயத்தில் அல்ல, மேலே பெரட்டுக்களத்தில். மழை படாமல் கருவியைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு மகளின் அழைப்புக்காகக் காத்து நின்றார்.

“இங்கன ஏறி வந்தா நல்லா கேக்குது தம்பி” என்றார்.

திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு கருவியைக் காம்பராவுக்குள் வைத்துப் பேசிப் பார்த்த பின்பே படிவத்தை எடுத்தேன். என் எண் குறைந்தது. ஆறு மாதத்தில் வேலையும் போனது.

இன்று லயங்களில் கைத்தொலைபேசி சாதாரணம். விற்க வருகிறவர்களும் பெரும்பாலும் எங்கள் பிள்ளைகளே. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். “பேசலாமா?” என்று ஒரு தாய் கேட்டால், அவர் கருவியைப் பற்றிக் கேட்கவில்லை, பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த இணைப்புக்குக் கிடைத்த கமிஷனை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். கொடுக்கவில்லை.