முருகைத் தொட்டியும் சுண்ணாம்புக் கணக்கும்

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் பயின்றவர்கள் ஒரு சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு குவளையில் எடுத்து, அதனுள்ளே குழாயினால் மூச்சை ஊதுவோம். சிறிது நேரத்தில் அந்நீர் பால்போல் வெண்மையாகிவிடும். நம் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு, நீரிற் கரைந்திருந்த சுண்ணாம்புடன் கூடிக் கரையாத கல்சியங் காபனேற்றாக மாறுவதே இதற்குக் காரணம். குவளையை அசையாது வைத்தால் அவ்வெண்பொருள் அடியிற் படியும். அது சுண்ணக்கல்லின் தூளேயன்றி வேறில்லை.

நேயர்களே, கடலடியிலே முருகைக் கற்பாறைகளை எழுப்பும் சிற்றுயிர்களும் இதற்கு உறவான ஒரு தொழிலையே செய்கின்றன. கடல்நீரிற் கரைந்துள்ள கல்சியத்தையும் இருகாபனேற்றையும் எடுத்து, அவை தமக்கெனக் கல்லாலான கூடு கட்டுகின்றன. கடல் பெரியது, எவ்வளவு எடுத்தாலும் அதன் அளவு உடனே குறைவதில்லை. ஆயின், அவ்வுயிர்களை ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முற்படுவோர்க்குக் கடல் இருநூறு லீற்றராகச் சுருங்கிவிடுகின்றது. அச்சிறு கடலில் உயிர்கள் எடுத்ததை யார் ஈடு செய்வது? தொட்டிக்கு உரியவரே செய்தல் வேண்டும். எதனை, எவ்வளவு, எவ்வாறு ஈடு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் என் அறியாமையைக் கூறிவிடுகின்றேன். செருமனியிற் கல்வி பயின்ற நாட்களில், முருகை வளர்ப்பதிற் பழகிய அன்பர் ஒருவர், தம் தொட்டியில் வளர்ந்த மான்கொம்பு முருகையிலிருந்து இரண்டு துண்டுகளை முறித்து எனக்குத் தந்தார். சில திங்கள் அவை நன்கு வளர்ந்தன. பின்னர் வளர்ச்சி நின்றது. கல்சியத்தை மட்டும் சோதித்தேன்; லீற்றருக்கு 360 மில்லிகிராம் இருந்தது. குறைவென்று கண்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து கல்சியங் குளோரைட்டை அள்ளி இட்டேன். துண்டுகள் தேறவில்லை. அப்போது அப்பச்சோடாவும் இடவேண்டுமென எங்கோ படித்தது நினைவுக்கு வர, அதையும் ஒரு கைப்பிடி இட்டேன். சில நிமிடங்களுள் தொட்டி முழுவதும் அரிசி கழுவிய நீர்போலாயிற்று. நீரிறைக்கும் பொறியின் மேலும் வெப்பமூட்டியின் மேலும் வெண்கல் படிந்தது. ஒரு கிழமைக்குள் அவ்விரு முருகைகளின் தசையும் அடியிலிருந்து உரிந்து, வெறும் எலும்பே எஞ்சியது. பள்ளிக்கூடக் குவளையில் நடந்ததை என் தொட்டியில் நானே நடத்தி முடித்திருந்தேன்.

என் பிழை யாது? குறைவாக இட்டதுமன்று, கூடுதலாக இட்டது மட்டுமுமன்று. கணக்கின் ஒரு பக்கத்தை மாத்திரம் பார்த்தமையே பிழை.

இயற்கைக் கடல்நீரில், லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 420 மில்லிகிராம் கல்சியமும் 1300 மில்லிகிராம் மகனீசியமும் உள்ளன. இருகாபனேற்றையும் காபனேற்றையும் நேரே அளப்பதற்குப் பதிலாகக் காரத்தன்மை என்னும் அளவை எடுப்பது வழக்கம். அதன் அலகு மில்லிச்சமவலு எனப்படும். கடல்நீரில் லீற்றருக்கு இரண்டேகாலுக்கு மேற்பட்டும் இரண்டரைக்கு உட்பட்டும் அது நிற்கும். தொட்டி வளர்ப்போர் இரண்டரை முதல் நான்கு வரை வைத்துக்கொள்வர். கடைகளிற் கிடைக்கும் சோதனைப் பெட்டிகள் சிலவற்றில் இது செருமன் பாகையிற் குறிக்கப்பட்டிருக்கும், அப்பாகையை 2.8 ஆல் வகுத்தால் மில்லிச்சமவலு கிடைக்கும்.

இனி, நினைவில் நிறுத்தவேண்டிய விதி ஒன்றுண்டு. முருகை கல் கட்டும்போது, லீற்றருக்கு 20 மில்லிகிராம் கல்சியம் செலவானால், காரத்தன்மையில் ஓரலகு செலவாகும். இவ்விகிதம் கல்லின் அமைப்பிலிருந்தே பிறப்பது. வளர்ப்பவரின் விருப்பத்துக்கேற்ப மாறுவதன்று. இதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது. ஒரு நாளில் 5 மில்லிகிராம் கல்சியம் குறைகின்றதெனக் கொள்வோம். 420 இல் ஐந்து, நூற்றுக்கு ஒன்றளவே. சாதாரணச் சோதனைப் பெட்டிக்கு அவ்வேறுபாடு புலப்படாது. அதே நாளிற் காரத்தன்மை கால் அலகு குறையும். மூன்றிற் கால் என்பது நூற்றுக்கு எட்டுக்கு மேல். அஃது எளிதிற் புலப்படும். ஆகவே, கல்சியத்தின் செலவை அறிய விரும்புவோர் காரத்தன்மையை நாடோறும் அளப்பாராக. கல்சியத்தைக் கிழமைக்கொருமுறை அளந்தாற் போதுமானது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தொட்டியின் நீர் 200 லீற்றர். ஒன்றும் இடாது இரண்டு நாட்கள் விட்டோம். காரத்தன்மை 3.2 இலிருந்து 2.7 ஆயிற்று. எனவே ஒரு நாட் செலவு லீற்றருக்குக் கால் அலகு. தொட்டி முழுவதற்கும் ஐம்பது அலகு. அதனோடு சென்ற கல்சியம் லீற்றருக்கு 5 மில்லிகிராமாதலின், முழுத் தொட்டிக்கும் ஒரு கிராம். நாள்தோறும் நாம் திருப்பித் தரவேண்டிய கடன் இதுவே. இதனிற் குறைந்தால் முருகை மெலியும். மிகுந்தால் நீர் கலங்கும்.

இக்கடனைத் தீர்க்கும் வழிகளுள் எளிதானது, நாம் முதலிற் கண்ட சுண்ணாம்புத் தெளிநீரே. முருகை வளர்ப்பில் இம்முறையைப் பரவச் செய்தவர், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த பீற்றர் வில்கென்ஸ் என்பார். 1970 ஆம் ஆண்டுகளில் அவர் எழுதியவற்றால் இது பலரையும் அடைந்தது. ஒரு லீற்றர் நன்னீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் நீற்றிய சுண்ணாம்பு கரையும். இரண்டு கிராம் இட்டுக் கலக்கி, மூடிவைத்து, அடியிற் படிந்ததை விட்டுத் தெளிவை மாத்திரம் எடுத்தல் வேண்டும். அத்தெளிவில் லீற்றருக்கு நாற்பது அலகு காரத்தன்மையும் 0.8 கிராம் கல்சியமும் உண்டு. நம் தொட்டிக்கு வேண்டியவை ஐம்பது அலகும் ஒரு கிராமும் அல்லவா? ஒன்றேகால் லீற்றர் தெளிநீர் இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றிவிடும். வெப்ப நாடுகளில் இத்தகைய திறந்த தொட்டியிலிருந்து நாளுக்கு இரண்டு லீற்றரளவு நீர் ஆவியாகிப் போகக்கூடும். போன நன்னீருக்குப் பதிலாக இத்தெளிநீரை விடலாம். உப்பின் அளவும் மாறாது.

ஆயினும் இங்கே எச்சரிக்கை வேண்டும். சுண்ணாம்பு நீர் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் கடுங்காரம். அதனைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். தொட்டியில் ஒருங்கே ஊற்றாது, துளித்துளியாக, நீரோட்டம் மிக்க இடத்தில், இரவு வேளையில் விடுவதே சிறந்தது. இரவில் உயிர்கள் விடும் காபனீரொட்சைட்டினால் நீர் சற்றே அமிலப் பக்கம் சாயும். சுண்ணாம்பு அதனை நேர்ப்படுத்தும். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்துதல் தகாது. அதிற் கலந்திருப்பவை எவையென நாமறியோம். உணவுக்கோ ஆய்வுகூடத்துக்கோ ஏற்ற தூய சுண்ணாம்பையே தேடிப் பெறுக.

தொட்டியில் முருகைகள் பெருகி, ஆவியாகும் நீரினளவுச் சுண்ணாம்பு நீர் போதாதெனின் இரண்டாம் வழியுண்டு. செருமானியரான ஹான்ஸ் பாலிங் என்பவரின் பெயரால் அது வழங்குகின்றது. கல்சியங் குளோரைட்டை ஒரு பாத்திரத்திலும் சோடியம் இருகாபனேற்றை, அதாவது அப்பச்சோடாவை, வேறொரு பாத்திரத்திலும் கரைத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் விடுவர். நம் எடுத்துக்காட்டுத் தொட்டிக்கு நாளொன்றுக்குப் பளிங்கு நீர் அடங்கிய கல்சியங் குளோரைட்டு 3.7 கிராமும் அப்பச்சோடா 4.2 கிராமும் தேவைப்படும். இரண்டும் ஓரிடத்திற் சந்தித்தால் வெண்படலம் தோன்றும். அதனாலேயே நேர இடைவெளி.

இம்முறையில் மறைந்து நிற்கும் ஒரு விளைவும் உண்டு. கல்சியமும் காபனேற்றும் கல்லாகிய பின், எஞ்சிய சோடியமும் குளோரைட்டும் சமையலுப்பாக நீரில் நிற்கின்றன. நம் தொட்டியில் அது நாளுக்கு ஏறக்குறைய மூன்று கிராம். ஓராண்டில் ஒரு கிலோகிராமுக்கு மேல். நீர்மானி கொண்டு உப்பளவைப் பார்த்து வருதலும், காலந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றுதலும் இதனால் இன்றியமையாதனவாகின்றன.

மகனீசியத்தைப் பற்றியும் ஒரு சொல். கல்சியமும் காபனேற்றும் கண்ட இடமெல்லாம் கூடிக் கல்லாகிவிடாதவாறு காப்பது அது. கல்சியத்தையும் காரத்தன்மையையும் எவ்வளவு இட்டும் நிலைநிறுத்த முடியவில்லையெனின், முதலில் மகனீசியத்தை அளந்து பார்த்தல் வேண்டும். 1250 இற்குக் கீழ் இருப்பின் அதனை உயர்த்திய பின்னரே ஏனையவற்றைத் தொடுதல் முறை. எதனை உயர்த்தினும் மெதுவாக உயர்த்துக. காரத்தன்மையை ஒரு நாளில் அரை அலகுக்கு மேல் ஏற்றுதல் நன்றன்று.

அடுத்து, சுவட்டு மூலகங்கள். வணிகர்கள் அழகிய புட்டிகளில் அடைத்து விற்பவற்றுட் பெரும்பாலானவை இவையே. கடல்நீரில் ஸ்ரொன்சியம் லீற்றருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம், அயடீன் 0.06 மில்லிகிராம். இரும்பு, நாகம், மங்கனீசு, செம்பு என்பன இவற்றினும் மிகச் சிறிய அளவின. இவற்றுட் பல உயிர்க்கு வேண்டியனவே. ஆயினும் வேண்டிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. செம்பு இதற்குச் சான்று. மீன்களின் நோயைத் தீர்க்க இடப்படும் செம்பு, அதே தொட்டியிலுள்ள முருகைகளையும் இறால்களையும் கொன்றுவிடும்.

அவ்வாறாயின் இம்மூலகங்களை எவ்வாறு ஈடு செய்வது? மீன்களுக்கு நாம் இடும் உணவிலேயே இவற்றுட் பல அடங்கியுள்ளன. கிழமைக்கொருமுறை நீரிற் பத்திலொரு பங்கை மாற்றிப் புதிய உப்புநீர் விட்டால் அதனோடும் இவை வந்து சேரும். கல்சியத்துக்கு இவ்வழி ஏன் போதாதென்று கேட்கலாம். கணக்கே விடை கூறும். ஒரு கிழமையில் லீற்றருக்கு 35 மில்லிகிராம் கல்சியம் குறைகின்றது. பத்திலொரு பங்கு நீரை மாற்றினால் அதிலும் பத்திலொரு பங்கு, மூன்றரை மில்லிகிராமே திரும்பி வரும். வேகமாகச் செலவாவதை நாள்தோறும் அளந்து இடவேண்டும். மெல்லச் செலவாவதை நீர் மாற்றமே பெரிதும் பார்த்துக்கொள்ளும்.

இன்று, நீரின் மாதிரியை அஞ்சலில் அனுப்பினால் பல மூலகங்களின் அளவையும் ஒருங்கே கணித்துக் கூறும் ஆய்வுகூடங்கள் வெளிநாடுகளில் உள்ளன. அவ்வாறு அளந்து, குறைவென உறுதி கண்ட மூலகத்தை மாத்திரம் இடுவது அறிவுடைமை. அளக்க முடியாததை இடற்க. இவ்வொரு விதியைக் கைக்கொண்டால் பல உயிர்கள் பிழைக்கும், பணமும் மிஞ்சும்.

இறுதியாக நம் நாட்டைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். சுண்ணாம்பினின்று முருகை வளர்வதைக் கண்டோம். நம் தென்மேற்குக் கரையிலே நெடுங்காலம் இதற்கு மாறான தொழில் நடைபெற்றது. முருகைக் கல்லை அகழ்ந்து சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். பாறை போகவே அலை கரையை அரித்தது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தமும் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தன. 1998 இல் கடல்நீர் அளவுக்கு மிஞ்சி வெப்பமுற்றபோது, இலங்கையைச் சூழ்ந்த ஆழங்குறைந்த முருகைகளிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. ஆதலின் நம் கடலிலிருந்து உயிருள்ள முருகையைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைக்க எவரும் எண்ணலாகாது. சட்டமும் அதனை அனுமதிப்பதில்லை. நிலாவெளிக்கு அண்மையிலுள்ள புறாத்தீவைச் சூழ்ந்த முருகைகளை நீரினுள்ளே நின்று காண்பதே நமக்குப் போதிய இன்பம்.

தொட்டியில் முருகை வளர்ப்போர், பிறர் தொட்டியில் வளர்ந்த துண்டுகளையே முறைப்படி பெற்று வளர்ப்பாராக. அவ்வாறு வளர்ப்பவர் ஒரு குறிப்பேட்டையும் அருகில் வைத்துக்கொள்ளல் வேண்டும். நாள், காரத்தன்மை, கல்சியம், இட்ட பொருள், இட்ட அளவு என்னும் ஐந்தையும் அதிற் குறித்து வந்தால், தொட்டி தன் தேவையைத் தானே கூறும். என் மேசையிலே அத்தகைய குறிப்பேடொன்று இன்றும் இருக்கின்றது. அதன் முதற் பக்கத்தில், நான் இழந்த இரண்டு முருகைத் துண்டுகளையும் அவை மடிந்த நாளையும் எழுதி வைத்திருக்கின்றேன். அடுத்த பக்கத்திலிருந்து கணக்குத் தொடங்குகின்றது.