பாதி லென்ஸ் லண்டனில், மீதி மதுரையில்



புதிய பொருள் ஒன்று எண்ணமாகத் தோன்றிச் சந்தைக்கு வந்து சேரும் வழி என்பது இந்த அறக்கட்டளையின் இவ்வாண்டுச் சொற்பொழிவுக்குக் குறிக்கப்பட்ட தலைப்பு. மேலாண்மைப் பாடநூல்கள் இந்த வழியைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எண்ணங்களைத் திரட்டுவது, சலித்தெடுப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது, செலவைக் கணக்கிடுவது, உற்பத்தி செய்வது, அறிமுகப்படுத்துவது என்று வரிசை நீள்கிறது. வரிசை சரியானதுதான். ஆனால் ஒரு பொருளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறிப் பார்த்தால், நூலில் ஒரே வரியாக இருக்கும் இடத்தில் நாற்பது ஆண்டுகள் கிடப்பது தெரியும்.

அப்படிப்பட்ட பொருள்களில் ஒன்று, நடுவட்டம் 6 மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கப்படுவது. இந்த அவையில் இருப்போரில் பலருடைய தாயார், தகப்பனார் கண்களுக்குள் அது இந்நேரம் இருக்கும்.

1. கேள்வி கேட்ட மாணவர்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர் விமானிகளின் கண்களில் விமானத்தின் முகப்புக் கூண்டுச் சில்லுகள் தெறித்துப் புகுந்தன. அந்தக் கூண்டு பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மற்றப் பொருள்கள் பலவும் கண்ணில் தங்கினால் வீக்கமும் சீழும் வரும். பெர்ஸ்பெக்ஸ் சில்லுகளோ அசையாமல் கிடந்தவரை கண்ணைத் தொந்தரவு செய்யவில்லை.

அந்தக் கவனிப்பு பல ஆண்டுகள் பயனற்றுக் கிடந்தது. போர் முடிந்தபின், ரிட்லி கண்புரையை எடுப்பதை அருகில் நின்று பார்த்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டார். அறுவை நாள்தோறும் நடந்துகொண்டிருந்த இடத்தில், அதற்குப் பழகிப்போகாத கண் ஒன்றுதான் அதிலுள்ள குறையைக் கண்டது. பொருளும் தேவையும் ரிட்லியின் மனத்தில் சந்தித்தன.

கண்ணாடி லென்ஸ் செய்யும் ரெய்னர் நிறுவனத்தின் ஜான் பைக்கை அழைத்து, காருக்குள் உட்கார்ந்தபடியே ரிட்லி திட்டத்தை விளக்கினார். விமானத்துக்கான பிளாஸ்டிக் கண்ணுக்கு ஆகாது என்பதால், ஐ.சி.ஐ. நிறுவனம் அதைவிடத் தூய்மையான பெர்ஸ்பெக்ஸைத் தயாரித்துக் கொடுத்தது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு முதல் அறுவை நடந்தது.

2. மாதிரி தந்த பாடங்கள்

முதல் லென்ஸ் கண்ணில் பொருந்தியது, பார்வை பொருந்தவில்லை. இயற்கை லென்ஸின் வடிவத்தை அப்படியே பின்பற்றிச் செய்திருந்தார்கள். பெர்ஸ்பெக்ஸ் ஒளியை இயற்கை லென்ஸைவிடக் கூடுதலாக வளைக்கும். அதனால் அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. அடுத்த லென்ஸ்களில் கணக்கைத் திருத்தினார்கள். பிறகு எடை தொல்லை கொடுத்தது. சில லென்ஸ்கள் இடம் நழுவிக் கண்ணின் பின்பகுதிக்குள் விழுந்தன. சிலவற்றை எடுத்துவிட நேர்ந்தது.

1951இல் ஆக்ஸ்ஃபோர்டு கண் மருத்துவ மாநாட்டில் ரிட்லி தம் முடிவுகளை வெளியிட்டபோது மூத்த மருத்துவர்கள் பலர் முகம் கொடுக்கவில்லை. கண்ணில் விழுந்த அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவர் வேலை என்று பயின்றவர்கள் அவர்கள். அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இருந்தது. நுண்ணோக்கி வைத்துச் செய்யும் அறுவை அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. நல்ல தையல் இழைகளும் இல்லை. பொருள் முன்னே போய்விட்டது, அதைத் தாங்க வேண்டிய கருவிகளும் கைத்திறனும் பின்னே தங்கிவிட்டன. அவை வந்து சேர்ந்து, வேறு பல மருத்துவர்கள் வடிவத்தை மாற்றி மாற்றிச் செப்பனிட்ட பின்னரே, 1981இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகைய லென்ஸ்களுக்கு ஒப்புதல் அளித்தது.

ரிட்லி 2000இல் சர் பட்டம் பெற்று, 2001இல் 94 வயதில் மறைந்தார். அதற்கு முன்பே, அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருடைய இரு கண்களிலும் லென்ஸ் வைக்கப்பட்டிருந்தது.

3. சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்கள்

பாடநூல் கணக்கில் கதை இங்கே முடிகிறது. எண்ணம் பொருளாகி, ஒப்புதல் பெற்று, விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆனால் 1980களில் ஒரு லென்ஸின் விலை நூறு டாலரும் அதற்கு மேலும் இருந்தது. கண்புரையால் பார்வை இழந்தவர்களில் மிகப் பலர் வாழ்ந்த இந்தியக் கிராமங்களில், அந்த லென்ஸ் கண்டுபிடிக்கப்படாததற்குச் சமமாகவே இருந்தது.

கிராமத்துக் கண் முகாமுக்கு வந்தவருக்குப் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். ஊர் அதைச் சோடாபுட்டிக் கண்ணாடி என்றது. அதைப் போட்டால் எதிரே இருப்பது பெரிதாகவும் பக்கத்தில் வந்ததுபோலவும் தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. படி இறங்கக் கால் தடுமாறும். வயலிலோ மாட்டுக் கொட்டிலிலோ அது உடைந்தால், அறுவை செய்துகொண்டவர் மீண்டும் பார்வையற்றவர்தான்.

மதுரையில் இந்த நிலையை நாள்தோறும் பார்த்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டவர் அவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் செலுத்துவோரின் கட்டணத்திலிருந்து ஏழைகளுக்கு இலவச அறுவை என்பது அதன் ஏற்பாடு. ஆனால் லென்ஸ் வந்ததும் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கோடு விழுந்தது. பணம் கொடுத்தவர் கண்ணுக்கு இறக்குமதி லென்ஸ், கொடுக்க முடியாதவருக்குத் தடித்த கண்ணாடி. ஒரே கூரையின் கீழே இரண்டு விதப் பார்வை.

4. வீரபாஞ்சானில் ஒரு தொழிற்சாலை

நன்கொடையாக வந்த லென்ஸ்களை வைத்துச் சில ஆயிரம் பேரைக் கரையேற்றலாம், இலட்சக்கணக்கானோரை முடியாது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையைச் சேர்ந்த டேவிட் கிரீனும் அரவிந்த் குழுவினரும் சேர்ந்து எடுத்த முடிவு, லென்ஸை மதுரையிலேயே செய்துவிடுவது. கண்ணுக்குள் வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பொருளை வளரும் நாடொன்றில் செய்ய முடியுமா என்ற ஐயம் பரவலாக இருந்த காலம் அது. 1992இல் ஆரோலேப் என்ற பெயரில், இலாப நோக்கமற்ற அறக்கட்டளையாகத் தொழிற்சாலை பிறந்தது. இன்று மதுரை சிவகங்கைச் சாலையில், வீரபாஞ்சானில் இயங்குகிறது.

லென்ஸ் செய்யும் வேலையை நெருங்கிப் பார்த்தால் விலை எங்கே ஒளிந்திருந்தது என்பது புலப்படும். பிளாஸ்டிக் வில்லையைக் கணினி இயக்கும் கடைசல் எந்திரத்தில் கடைந்து வளைவைக் கொண்டுவருகிறார்கள். கண்ணுக்குள் நழுவாமல் பிடித்து நிற்க, இருபுறமும் மீசைபோல் வளைந்த இரண்டு கைகளை வெட்டி எடுக்கிறார்கள். நுண்மணிகளோடு உருளையில் போட்டு நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுகிறார்கள். ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் சோதித்து, கிருமி நீக்கி, பெட்டியில் அடைக்கிறார்கள். இந்த வேலைகளில் பெரும்பங்கைச் செய்பவர்கள், பள்ளிப் படிப்பு முடித்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள்.

இதில் எந்தப் படியையும் மலிவாக்க முடியாது. கடைசலில் கோணல் வந்தால் பார்வை கோணும். மெருகு குறைந்தால் கண் உறுத்தும். தரத்தைத் தொடாமல் விலையைக் குறைக்க இருந்த இடங்கள் வேறு. விற்பனையாளர்கள் வைத்த இலாபம் ஒன்று. குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் ஒவ்வொரு லென்ஸின் தலையிலும் ஏறும் எந்திரச் செலவு மற்றொன்று. வாங்க ஒரு மருத்துவமனை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் இருந்ததால் எண்ணிக்கை பற்றிய அச்சமும் இல்லை. தொடக்க ஆண்டுகளிலேயே விலை ஏறத்தாழ 10 டாலர் என்ற அளவுக்கு இறங்கி, பிறகு இன்னும் கீழே வந்தது.

மற்ற உற்பத்தியாளர்கள் செய்து முடித்து, செலவோடு இலாபத்தைக் கூட்டி, வந்த தொகையை விலை என்றார்கள். மதுரையில் விலையை முதலில் எழுதிவைத்துவிட்டு அதற்குள் அடங்கும்படி தொழிற்சாலையை அமைத்தார்கள். லென்ஸின் வளைவைப்போலவே விலையும் அவர்களுக்கு வடிவமைப்பின் ஓர் அளவாக இருந்தது. ரிட்லி பாதியில் விட்ட கண்டுபிடிப்பு மதுரையில்தான் முழுமை பெற்றது என்று இச்சொற்பொழிவு துணிந்து சொல்கிறது.

லென்ஸ் மட்டும் மலிந்தால் போதாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். லென்ஸ் வைக்கத் தெரிந்த மருத்துவர்கள் வேண்டும். அதே 1992இல் அரவிந்த் தொடங்கிய பயிற்சி நிறுவனமும், 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டமும் அந்தக் குறையைப் போக்கின. 1990களின் தொடக்கத்தில் அரிதாக இருந்த லென்ஸ் அறுவை சில ஆண்டுகளிலேயே நாட்டின் வழக்கமான அறுவை ஆனது. வீரபாஞ்சானிலிருந்து லென்ஸ்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

5. ஷாம்பு பாக்கெட்டும் நானோ காரும்

கடைச்சரக்கிலும் இதே பாடம் உண்டு. பணக்காரர் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடிய வேண்டும் என்று சொல்லிவந்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பாட்டிலில் விற்ற ஷாம்பு சிறு பாக்கெட்டுக்குள் வந்தது அந்த எண்ணத்தால்தான். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1980களின் தொடக்கத்தில் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரெழுத்துகளைக் கொண்டு சிக் ஷாம்புவை உருவாக்கினார். ஊர் ஊராகப் போய் மக்கள் முன்னால் சிறுவர்களின் தலையை அலசிக் காட்டினார்கள். காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார்கள். வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவரின் கையில் அன்று என்ன சில்லறை இருக்கும் என்பதைக் கணக்கிட்டு, அந்த அளவுக்குள் பொருளை அடக்கினார்கள்.

விலையை முதலில் எழுதினால் வெற்றி உறுதி என்று இதைக் கொண்டு முடிவு கட்டவும் கூடாது. 2008 ஜனவரியில் டெல்லியில் காட்டப்பட்ட டாடா நானோவுக்கும் விலையே முதலில் வந்தது. ஸ்கூட்டரில் நால்வராக மழையில் நனைந்துபோகும் குடும்பத்துக்கு ஓர் இலட்சம் ரூபாயில் கார் என்ற நல்லெண்ணம் அதன் பின்னே இருந்தது. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் எழுந்த எதிர்ப்பால் தொழிற்சாலை குஜராத்தின் சாணந்துக்கு மாறியது. ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் கார் செய்யத் திட்டமிட்ட இடத்தில், மிக நன்றாக விற்ற ஆண்டிலும் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. 2018இல் உற்பத்தி நின்றது. மலிவான கார் என்று விளம்பரமானது தவறு என ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். முதல் கார் வாங்கும் குடும்பம் தெருவார் முன்னால் பெருமையாக வந்து இறங்க விரும்புகிறது. நானோவின் வரைபடத்தில் அந்தக் குடும்பத்தின் வருமானம் இருந்தது, மனம் விடுபட்டுப்போயிற்று. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸோ வெளியே தெரியாது. தடித்த கண்ணாடி ஊருக்குக் காட்டிக்கொடுத்த ஏழ்மையையும் அது சேர்த்தே அகற்றியது.

6. மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்

இந்த அவையில் பொறியியலும் மேலாண்மையும் பயிலும் மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் காது மந்தமான பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். செவிக்கருவி நெடுங்காலமாக விற்பனையில் இருக்கிறது. ஆனாலும் நல்ல கருவியின் விலை பல குடும்பங்களின் மாத வருமானத்தைத் தாண்டுகிறது. வாங்கியவர்களிலும் பலர், இரைச்சல் தாங்காமலோ, வெளியே தெரிகிறதே என்ற கூச்சத்தாலோ, கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறார்கள். லென்ஸ் 1980களில் நின்ற இடத்தில்தான் செவிக்கருவி இன்று நிற்கிறது.

இந்த வாரம் ஊருக்குப் போகும் மாணவர்கள் அப்படிக் கருவியைக் கழற்றி வைத்த தாத்தா ஒருவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கருவியை ஏன் கழற்றினார், எந்தக் குரலைக் கேட்க மிகவும் ஆசைப்படுகிறார், அதற்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு முன்னால் அந்தக் குறிப்புகளை இதே அரங்கில் படித்துக் காட்ட அறக்கட்டளையினர் இடம் தர வேண்டும் என்பதும் இச்சொற்பொழிவின் வேண்டுகோள்.