ஆகாரமும் அசைவும்
(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகளால் எங்கள் வார்டிலுள்ள வயதானவர்களுக்கு முட்டையும் பாலும் சுண்டலும் கொடுக்கிறோம். அது அவர்கள் சரீரத்தில் என்ன செய்கிறது என்று இன்று சொல்ல விரும்புகிறோம்.

நம்முடைய சரீரம் நாள்தோறும் பழுதுபார்க்கப்படும் ஓலைக் கூரையைப் போன்றது. வளர்ந்த மனிதருக்குள் தினமும் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் உடைந்து, திரும்பக் கட்டப்படுகிறது. இதில் ஒரு பகுதி கழிந்துபோகும். அதை ஆகாரம் ஈடுசெய்ய வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 42 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. முதியோருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்லுகிறார்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஆனால் ஆகாரம் மட்டும் போதாது. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள் படுக்கையிலேயே இருந்தார்கள். போதுமென்று கருதப்பட்ட அளவு புரதம் சாப்பிட்டும், தசைப் புரதம் உண்டாவது 30 சதவீதம் குறைந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்தது.

பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் 100 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1994இல் வெளியாயிற்று. அவர்களுடைய சராசரி வயது 87. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசைபலம் கூடவில்லை. 10 வாரம் பாரம் தள்ளிக் கால்களுக்குப் பயிற்சி செய்தவர்களுக்கோ பலம் இருமடங்குக்கு மேல் ஆயிற்று. அசைவு தசையைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த தசைக்குக் கட்டுமானப் பொருள் தருவது புரதம்.

எங்கள் வார்டில் பிள்ளைகள் அன்போடு, “அசையாம படுங்கம்மா” என்கிறார்கள். கஞ்சியை மட்டும் ஊட்டுகிறார்கள். அந்த அன்பே அம்மாவை எழும்பவிடாமல் செய்துவிடுகிறது. ஆகையால் டாக்டர் அனுமதித்தவுடன் கைத்தாங்கலாய் நிறுத்துகிறோம். நாற்காலியில் உட்கார்ந்து எழப் பழக்குகிறோம். பிறகு முட்டையோ சுண்டலோ கொடுக்கிறோம்.

சூரைச்செடியின்கீழ் சோர்ந்து படுத்த எலியாவைத் தேவதூதன் இரண்டுதரம் தட்டி எழுப்பிப் போஜனம்பண்ணச் செய்தான். அந்தப் பலத்தால் அவன் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனான். எழும்புதலும் போஜனமும் அங்கே சேர்ந்தே இருந்தன.

அன்பானவர்களே, முட்டைக்குக் கொடுத்தீர்கள், வாக்கருக்கும் கொடுங்கள். நோயாளியின் தோளைத் தாங்கி நடத்தும் எங்கள் பிசியோதெரபி ஊழியருக்காக ஜெபியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் இன்று சாயங்காலம் வாசல்வரை நடத்திக் கூட்டிப்போங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.